பத்துக்கு ஏழு

மார்ச் 4, திங்கள்

மலை தொப்பி போட்டுக்கொண்டது. காலையில் என் இறைச்சிக்கடையைத் திறக்கக் கிளம்பும்போதே பார்த்தேன். ஊருக்குப் பின்னால் நிற்கிற கிராஸ் ஃபெல் உச்சி நெடுக வெள்ளை மேகம், அளவெடுத்துத் தைத்தது மாதிரி. அதற்குக் கீழே வானம் பளிச்சென்று இருக்கிறது. அப்புறம் அந்தக் காற்றின் சத்தம். ரயில் வருகிறது, வருகிறது, வந்து சேரவே மாட்டேன் என்கிறது. மலையிலிருந்து ஊர்மேல் பாய்கிற ஹெல்ம் காற்று இறங்கிவிட்டது.

நேற்று சாயங்காலமே பஸ் நிழற்குடைப் பலகையில் ஃபிரான் எழுதி வைத்துவிட்டாள்: “நாளை ஹெல்ம். பத்துக்கு எட்டு. கோழிக்கூட்டையும் தார்ப்பாயையும் கட்டுங்கள். லென் நாட்ரஸ் தன் தொப்பியையும் கட்டவும்.”

என் பேரைப் போட்டு எழுத வேண்டுமா? ஊரே சிரித்தது. போனைத் திறந்து எங்கள் ஊருக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். மிதமான காற்று, வெயில். சூரியன் படம் வேறு. நான் கட்டவில்லை. தொப்பி போய்விட்டது.

ஃபிரான் டாலன்டயர் எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை. என்னோடு அதே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் கணக்கைத் திருத்தியவள். வரும் மே 18 முதல் எனக்குச் சம்பந்தி. அவள் மகன் ராபிக்கும் என் மகள் ஹேசலுக்கும் கல்யாணம். இனி ஆயுசு முழுக்கத் திருத்துவாள்.

மார்ச் 5

தொப்பி பண்ணைக்காரன் டின்ஸ்டேலின் ஆட்டுப்பட்டியில் கிடைத்தது. ஒரு ஆடு அதன்மேல் படுத்திருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

கல்யாணப் பேச்சுக்காக ஃபிரான் வீட்டுக்குப் போனோம், என் மனைவி ஜில்லும் நானும். பேச்சு முடிந்தது. பெண்கள் இருவரும் பூ பற்றிப் பேசுவார்கள் என்று நான் நிம்மதியாக இஞ்சிக் கேக்கில் கையை வைத்தால், ஃபிரான் கணினியைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

“தொப்பியைப் பறக்க விட்டியே, ஏன் விட்டேன்னு தெரியணுமா வேணாமா?”

“வேணாம்.”

“சரி, கேளு.”

போனில் ஊருக்கு என்று போடுகிற எண்ணை நம்பாதே என்றாள். அந்தக் கணக்கில் மலை தேய்ந்துபோன சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்குமாம். எங்கள் பக்கம் அது சுவர் மாதிரி இறங்குவது கணக்குக்குத் தெரியாது. அதனால் அவள் முதலில் பார்ப்பது மலை உச்சியில் என்ன காற்று என்பதை. அடுத்தது திசை. வடகிழக்கிலிருந்து மலையின் குறுக்கே வர வேண்டும். மூன்றாவது, உச்சிக்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். மூடி இருந்தால் காற்று மேலே போக வழியில்லாமல் நம் தலையில் கொட்டும். மூடி இல்லாவிட்டால் சும்மா போய்விடும்.

“இந்த ரெண்டாவது எண் எதுக்கு?” என்று கேட்டேன். எல்லாக் காற்று எண்ணுக்கும் பக்கத்தில் சின்னதாக இன்னொரு எண் போட்டிருந்தது.

“அது வீச்சு, திடீர்னு ஓங்கி அடிக்கிற வேகம். பெருசா எழுதியிருக்கறது சராசரி. சராசரி உன் சட்டையைக் காயவைக்கும். வீச்சு அதைப் பக்கத்து ஊருக்கு அனுப்பும்.”

வாயில் கேக் இருந்ததால் பாராட்டாமல் தப்பித்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள், அசந்துபோய்விட்டேன். நாங்கள் எல்லோரும் மலை தொப்பி போட்ட பிறகு ஹெல்ம் என்று சொல்கிறவர்கள். அதை என் கடைப் பூனையும் சொல்லும். இவள் முந்தின நாளே சொல்கிறாள். அதுவும் வரும், வராது என்று அடித்துச் சொல்லாமல், பத்துத் தடவைக்கு இத்தனை தடவை வரும் என்கிறாள்.

ஏப்ரல் 9

மறுபடி ஹெல்ம். (பலகை: பத்துக்கு ஒன்பது.) ஃபிரான் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, “வண்டியை எடு, ஒண்ணு காட்டறேன்” என்றாள். கடையில் கூட்டம். போகக் கூடாது. போனேன்.

ஊரில் கார்க்கதவு கையோடு வந்துவிடும்போலக் காற்று அடித்தது. ஈடன் ஆற்றுப் பக்கம் இறங்க இறங்க, ஓரிடத்தில் யாரோ கதவைச் சாத்தினதுபோல நின்றுவிட்டது. டின்ஸ்டேலின் ஆற்றங்கரை வயல் அது. அவன் வீட்டுப் புகை நேராக மேலே போகிறது. தலைக்கு மேலே ஒரு மேகம் நீளமாக, நகராமல் நிற்கிறது. பின்னால் திரும்பினால் மலையடியில் எங்கள் ஊர் மரங்கள் பேய்பிடித்து ஆடுகின்றன. இங்கே புல் அசையவில்லை.

“இந்த எல்லையையும் கணக்குப் போட்டுச் சொல்லிடுவியா?”

“முக்கால்வாசி நேரம்.”

“மிச்ச நேரம்?”

“மிச்ச நேரம் தப்பாச் சொல்லுவேன். அதையும் பலகையில எழுதறேன்ல, நீ படிக்கறதில்லையா?”

படிக்கிறேன். ‘நேற்று சொன்னது தப்பு’ என்று அவள் எழுதாத மாதமில்லை. இறைச்சிக்கடை வைத்திருக்கிறவன் நேற்று விற்ற கறி சுமார் என்று வாசலில் எழுதிப் போடுவானா? நான் போட மாட்டேன்.

மே 13, திங்கள்

கல்யாணப் பந்தல் எங்கள் வீட்டுப் பின்வயலில். பெரிய வெள்ளைக் கூடாரம், நடுவில் இரண்டு கம்பம். தேவாலயத்திலிருந்து வந்ததும் ஹேசல் வீட்டுக்குள் போய், பின்கதவைத் திறந்து, கல்யாண உடையோடு வயலுக்குள் நடந்து போக வேண்டுமாம். சின்ன வயதில் மேஜைவிரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படித்தான் நடப்பாள். வாழ்க்கையில் அவள் என்னிடம் பெரிதாகக் கேட்டது இது ஒன்றுதான்.

போன் சொல்கிறது: சனிக்கிழமை வெயில், மிதமான காற்று. பழக்கதோஷத்தில் மலை உச்சிக்கான கணக்கையும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மே 16, வியாழன்

ஃபிரான் வந்தாள். பின்வாசல் வழியாக வராமல் முன்வாசலில் மணி அடித்தாள். அப்போதே தெரிந்துவிட்டது.

“சனிக்கிழமை மத்தியானம் ஹெல்ம். பத்துக்கு ஏழு. பந்தலை ஆத்தங்கரைக்கு மாத்து. டின்ஸ்டேல்கிட்ட கேட்டுட்டேன், வயலைத் தரேன்னுட்டான்.”

ஹேசல் மாடிப்படியில் நின்றிருந்தாள். “ஏழுன்னா, மூணு தடவை வராதுதானே?”

“ஆமா கண்ணு. மூணு தடவை வராது.”

“அப்போ ஏன்?”

“கம்பம் ரெண்டும் நட்டு நடுவுல நிக்குது. அதுக்குக் கீழ குழந்தைங்க ஓடும். எந்த வீச்சுக்கு மேல ஆளை வெளியேத்துவீங்கன்னு கூடாரக்காரங்களைக் கேட்டேன். நான் எதிர்பாக்கற வீச்சு அதுக்கும் மேல.”

ஹேசல் மாடிக்குப் போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம். ஜில் அவள் பின்னாலேயே போனாள். கூடத்தில் நாங்கள் இருவர்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “ஏன் ஃபிரான், உனக்கு என்ன தலையெழுத்து? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே. காத்து வந்தா காத்தைத் திட்டியிருப்போம். இப்போ வரலேன்னா அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் உன்னை மன்னிக்க மாட்டா. மாமியார் வேற.”

அவள் கையுறையைக் கழற்றி மாட்டினாள், கழற்றி மாட்டினாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“திட்டு எனக்கு வராதுங்கறதுக்காகத் தெரிஞ்சதை வாயில அடக்கிக்கிட்டு, அந்தக் கம்பத்துக்குக் கீழ உக்காந்து உன் கடை ஹாம் கறியைத் திங்கச் சொல்றியா?”

போய்விட்டாள். டீகூடக் குடிக்கவில்லை.

என்ன செய்வது? முடிவு என்னுடையது. வயல் என்னுடையது, மகள் என்னுடையவள். பத்துக்கு மூன்று வராது. ஆனால் கடையில் பத்துக்கு ஏழு கெட்டுப்போயிருக்கலாம் என்று ஒரு கறியைப் பற்றித் தெரிந்தால் அதை நான் விற்பேனா? மாட்டேன். அவ்வளவுதான் விஷயம். கூடாரக்காரருக்குப் போன் செய்தேன்.

ஹேசல் சாப்பிட வரவில்லை.

மே 17

பந்தலை ஆற்றங்கரையில் போட்டாயிற்று. ஹேசலுக்கு நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. மலை உச்சியில் ஒரு துண்டு மேகம் இல்லை. வா, வா என்று காற்றை வேண்டிக்கொள்கிற முதல் அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

மே 18, சனி

கல்யாணம் ஆயிற்று. மகள் தேவதை. காற்று இல்லை.

மே 19, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், அப்போதுதான் மனம் ஆறும்.

ஒரு இலை அசையவில்லை. ஊரிலும் அசையவில்லை, ஆற்றங்கரையிலும் அசையவில்லை. ஆற்றங்கரையில் அசைந்தது பொடிக்கொசு மட்டும்தான். விருந்தாளிகள் ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் கழுத்தில் அடித்துக்கொண்டார்கள். பாதிரியாருக்கு ஒரு கண் வீங்கிவிட்டது. பந்தலிலிருந்து பார்த்தால் மலையடியில் எங்கள் வயல் தெரிகிறது. காலி வயல், பச்சைப்பசேலென்று, வெயிலில் குளித்துக்கொண்டு. ஹேசல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? டின்ஸ்டேல் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் ஆரம்பித்தான்: “ஏ ஃபிரான், உன் காத்து எங்கே? பஸ்ஸைத் தவறவிட்டுடுச்சா?” இன்னொருவன், “வரும் வரும், விவாகரத்துக்குள்ள வந்துடும்” என்றான். ராபி முகம் சிவந்து எழுந்தான். அம்மாதான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அப்புறம் அவளே எழுந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பேசுகிற வழக்கம் இங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாள்:

“காத்து வரும்னு சொன்னது நான். வரலை. லென் மேலயோ ராபி மேலயோ பழி போடாதீங்க. ஹேசல், உன் வயலை உங்கிட்டேருந்து நான் எடுத்துட்டேன். மன்னிச்சுக்கோ.”

 கொசு அடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. ஹேசல் தட்டைப் பார்த்துக்கொண்டு, “பரவால்ல” என்றாள். அந்தப் பரவாயில்லையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நூறு பேர் முன்னால் அப்படி நிற்க எனக்குத் தைரியம் வருமா? வராது. காற்று கிழக்கே திரும்பிவிட்டது, ஈரப்பதம் மாறிவிட்டது என்று ஏதாவது அளந்துவிட்டிருப்பேன்.

மே 20

பலகை காலி. துடைத்து வைத்திருக்கிறது. சாக்பீஸ் இல்லை.

ஜூன் 6

இன்னும் காலி. கடைக்கு வந்தபோது கேட்டேன். “எழுத மாட்டேன் லென். தப்பு பண்றது பெரிய விஷயமில்லைன்னு பிள்ளைங்ககிட்ட தினம் சொல்றேன். சொல்றது சுலபம். என் மருமக பலகையைக் கடந்து போறப்போ முகத்தைத் திருப்பிக்கறா” என்றாள். கால் கிலோ சாசேஜ் வாங்கிக்கொண்டு போனாள். சாசேஜைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

ஜூலை 21

பலகையில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: “நாளை காற்று இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.” டின்ஸ்டேல் கையெழுத்து. முதலில் சிரித்தேன், பிறகு என் சட்டைக்கையாலேயே துடைத்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்



ராபி தீவன லாரி ஓட்டுகிறான். இன்று மலையடிப் பண்ணைகளில் மூட்டைகளை இறக்கிவிட்டு வெற்று வண்டியோடு திரும்பியிருக்கிறான். உயரமான வண்டி, உள்ளே பாரம் இல்லை. மேகம் தாழ்ந்து கிடந்ததால் மலையின் தொப்பி யாருக்கும் தெரியவில்லை. போன் சொன்னது: மிதமான காற்று. வளைவில் திரும்பினதும் ஹெல்ம் ஒரே அடி. லாரி சாய்ந்து கல்சுவரில் போய்ப் படுத்துக்கொண்டது. சுவர் இல்லையென்றால் ஓடையில் விழுந்திருக்கும்.

தோள்பட்டை கன்றிப்போயிருக்கிறது, நெற்றியில் தையல். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஜில் போனை என் கையில் கொடுத்தபோது அவள் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ஹேசல் அவனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவள் நர்ஸ். தினம் தையல் பார்க்கிறவள். இன்று அந்தத் தையலைப் பார்க்க முடியாமல் அடுப்படியில் வந்து நின்றாள்.

“பலகை இருந்திருந்தா?” என்று கேட்டாள்.

“இருந்திருந்தா ராபி நாளைக்குப் போயிருப்பான்.”

“அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும். இப்பவும் தினம் பாக்கறா. எழுதறதில்லை, அவ்வளவுதான்.”

அப்போது கோபமா பயமா தெரியவில்லை, இந்த நோட்டை எடுத்து வந்து மே 16 பக்கத்தைத் திறந்து, ஃபிரான் கையுறையைக் கழற்றி மாட்டியபடி சொன்னதை ஹேசலுக்குப் படித்துக் காட்டினேன். தெரிஞ்சதை வாயில அடக்கிக்கிட்டு.

ஹேசல் அந்தப் பக்கத்தைத் தானே ஒருமுறை படித்தாள். பிறகு, “ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிங்ககிட்ட பத்துக்கு எட்டு பேருக்குச் சரியாயிடும்னு நானே சொல்றேன்பா. அந்த மிச்ச ரெண்டு பேர் வந்து எங்கிட்ட முகத்தைத் திருப்பினா எனக்கு எப்படி இருக்கும்?” என்றாள்.

நவம்பர் 24

ஹேசல் மாமியார் வீட்டுக்குப் போய்வந்தாள். ஃபிரான் மரியாதையாக டீ கொடுத்தாளாம், இவள் மரியாதையாகக் குடித்தாளாம். எழுத மாட்டேன் என்று மட்டும் ஃபிரான் பிடிவாதம். “வேணும்னா சொல்லித்தரேன், நீ எழுது” என்றாளாம். இரண்டு பேரும் வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வயல் நடுவில் உட்கார்ந்துகொண்டு டீ குடித்திருக்கிறது.

டிசம்பர் 2

பலகையில் ஹேசல் கையெழுத்து! “நாளை ஹெல்ம் பத்துக்கு ஐந்து. தப்பினால் என்னைத் திட்டவும், ஃபிரானை அல்ல.”

நிழற்குடையில் தனியாக நின்று மூன்று முறை படித்தேன். பஸ் டிரைவர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டான்.

மே 18, ஞாயிறு

கல்யாணம் ஆகி ஒரு வருஷம். ஹேசல் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்: இந்த முறை எங்கள் வயலில்தான். பந்தல் வேண்டாம், நீள மேஜை போதும். நேற்று அவளே பலகையில் எழுதினாள்: “நாளை ஹெல்ம் பத்துக்கு மூன்று. எங்கள் வயலில் தேநீர். தைரியம் உள்ளவர்கள் வரலாம்.”

பின்கதவைத் திறந்துகொண்டு வயலுக்குள் நடந்தாள். சாதாரணப் பூப்போட்ட கவுன்தான். கையில் கேக். ஜில் என் கையைக் கிள்ளினாள்.

ஹாமை வெட்டி இரண்டாவது துண்டு தட்டில் வைப்பதற்குள் டின்ஸ்டேல் மலையைப் பார்த்து, “ஐயோ” என்றான். தொப்பி. அடுத்தது ரயில் சத்தம். மேஜைவிரிப்பு சாண்ட்விச்சுகளோடு எழுந்து சுவரைத் தாண்டி ஆடுகளுக்கு விருந்து வைக்கப் போய்விட்டது. கிளாஸ்கள் போச்சு. நான் ஹாமின் மேல் படுத்துவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, நெருக்கியடித்து நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இவ்வளவு சிரிப்பை என் வீடு கண்டதில்லை. ஃபிரான் மட்டும் ஓரமாக நின்று ஹேசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் ஹேசல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு நிழற்குடைக்கு நடந்தாள். தலைமுடி நாலாபக்கமும். ஃபிரான் பின்னால் போனாள். நானும் போனேன். எனக்கென்ன வேலை அங்கே? போனேன்.

ஹேசல் எழுதினாள்: “நேற்று நான் சொன்னது தப்பு.”

ஃபிரான் எட்டி அந்தக் கடைசி வார்த்தையைச் சட்டைக்கையால் துடைத்தாள். வகுப்பறைக் குரல். “மூணு சொன்னே. அந்த மூணுல ஒண்ணு வந்துச்சு. இதுல தப்பு எங்கே இருக்கு?”

ஹேசல் திரும்பி அவளைப் பார்த்தாள்.

“அப்போ போன வருஷமும் தப்பு இல்லையே, ஃபிரான்.”

   ஹேசல் சாக்பீஸை ஃபிரானின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்றின் மேல் பழியைப் போட ஆசைதான். ஆனால் நிழற்குடைக்குள் காற்று வருவதில்லை.

ஃபிரான் எழுதினாள், கொஞ்சம் கோணலாக, ஒரு வருஷம் எழுதாத கை: “நாளையும் ஹெல்ம். பத்துக்கு ஆறு. லென் நாட்ரஸ் தன் தொப்பியைக் கட்டவும்.”

கட்டிவிட்டேன். கோழிக்கூட்டையும்.